ஒரு வீட்டில் இரண்டு ஓய்வுநாள்

ஹுன்னஸ்கிரியத் தோட்டத்து ஸ்டோரில் வெள்ளிக்கிழமை மத்தியானம் தேயிலைப் பெட்டிகளை ஏற்றினால், வண்டி இரவெல்லாம் மலையிறங்கி, சனிக்கிழமை காலையில் வத்தேகம ஸ்டேஷனுக்கு வந்து சேரும். அன்று முற்பகலில் சரக்கு ரயில் கொழும்புக்குப் புறப்பட்டுவிடும். மாசிலாமணி பிறப்பதற்கு முன்பே ஏற்பட்ட ஒழுங்கு இது. அந்த மலைப்பாதையில் லாரிகள் ஒன்றிரண்டு ஏறத் தொடங்கியிருந்த காலந்தான். ஆனால் மழைக்காலத்தில் அவை சேற்றில் புதைந்து நின்றுவிடும். அப்போது அவற்றை வெளியே இழுக்க மாசிலாமணியின் மாடுகள்தான் போகவேண்டும். அதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு.

வண்டிக்கு இரண்டு ஆள் வேண்டும். முன்னால் ஒருவன் மாடுகளைப் பார்த்துக்கொள்வான். பின்னால் நடப்பவன் கையில் ஒரு கயிறு இருக்கும். சக்கரங்களுக்கு முன்னால் குறுக்கே தொங்கும் மரக்கட்டையில் அதன் நுனி கட்டப்பட்டிருக்கும். இறக்கத்தில் அதை இழுத்துப் பிடித்தால் கட்டை சக்கரங்களில் உரசி வண்டி நிதானப்படும். பிடி தளர்ந்தால் பாரம் முழுவதும் மாடுகளின் கழுத்தில் வந்து விழும். அதற்குப் பிறகு மாடும் இல்லை, முன்னால் இருப்பவனும் இல்லை. அந்தக் கயிற்றை மாசிலாமணி தன் தம்பி அருமைநாயகத்தைத் தவிர வேறு யாரிடமும் நம்பிக் கொடுத்ததில்லை.

தோட்டத்துக் காய்ச்சலில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபோது அருமைநாயகம் நடக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தை. மாசிலாமணியே அப்போது மீசை முளைக்காத பையன். தம்பியைத் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே சாக்கில் படுக்கவைத்துக்கொண்டுதான் அவன் வண்டித்தொழில் பழகினான். பிறகு தவமணியைக் கட்டிக்கொண்டான். அவளுக்குப் பிள்ளை இல்லை. அருமைநாயகத்தையே அவள் பிள்ளையாக வளர்த்தாள். வத்தேகமச் சந்தைக்குப் பின்னால், வேதக்கோயில் நிலத்தில், ஒரே கூரையின் கீழ் நடுவில் ஒரு மண்சுவர் வைத்து அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். அடுப்பு இரண்டு, முற்றம் ஒன்று.

தம்பிக்குப் பெண் எடுத்தது கண்டி டவுனில். சலோமியின் தகப்பனார் மரம் அறுக்கும் பட்டறையில் மேஸ்திரி. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில்தான் நடந்தது. மறுவருஷம் சலோமி தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போனாள். குழந்தை தங்கவில்லை. அவள் தேறும்வரை அங்கேயே இருந்தாள். அந்த மாதங்களில் அவளுடைய தகப்பனார், டவுனில் ஒரு வாடகை வீட்டில் சனிக்கிழமை தோறும் கூடும் சிறு சபையில் சேர்ந்திருந்தார். வேதத்தில் சொன்ன ஓய்வுநாள் ஏழாம் நாள், அதை மாற்ற எந்த மனுஷனுக்கும் அதிகாரம் இல்லை என்பது அவர்கள் போதகம். பிள்ளையைப் புதைத்துவிட்டுப் பேச்சில்லாமல் கிடந்த சலோமிக்கு, ஒருநாள் முழுவதும் ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், அதுவே ஆராதனை என்று யாரோ சொன்னது பெரிய ஆறுதலாக இருந்தது. வத்தேகமவுக்குத் திரும்பியபோது சனிக்கிழமையை அவள் கூடவே கொண்டுவந்தாள்.

அருமைநாயகம் முதலில் சனிக்கிழமையை விரும்பியது வேதத்துக்காக அல்ல. வெள்ளி மாலை பொழுது இறங்கியதிலிருந்து சனி மாலை பொழுது இறங்கும்வரை சலோமி அடுப்பு மூட்டமாட்டாள், துணி துவைக்கமாட்டாள். முதல்நாளே சமைத்து வைத்த சோற்றையும் துவையலையும் முன்னால் வைத்துக்கொண்டு அவனோடு பேசிக்கொண்டிருப்பாள். வாரம் முழுவதும் மாட்டோடு பேசுகிறவனுக்கு அது புது ருசி. பிறகு அவனும் வேதத்தைத் திருப்பிப் பார்த்தான், அவர்கள் சொல்வது அங்கே இருந்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமை அவனுடைய நாளும் ஆகிவிட்டது.

மாசிலாமணி இதை முதலில் புதுப்பெண்டாட்டி மயக்கம் என்று சிரித்துவிட்டான். ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை பொழுது இறங்கும் முன் வண்டியைத் தெல்தெனியப் பக்கம் சமதளத்தில் நிறுத்தவேண்டியது. அங்கிருந்து வத்தேகமவரை பின்கயிற்றை வீரய்யா பிடிப்பான். வீரய்யா பக்கத்து வண்டிக்காரன், பழக்கமானவன். எங்கள் சாமிக்கு எல்லா நாளும் ஒன்றுதான், வெள்ளிக்கிழமை கவிச்சி மட்டும் கிடையாது என்பான்.

வண்டிக் குத்தகையை எடுத்திருந்தவர் திகன மஹ்ரூப் முதலாளி. அவருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது.

"மாசிலாமணி, எங்களுக்கு வெள்ளி. ஒன் தம்பிக்கு சனி. ஒனக்கு ஞாயிறு. மாடுகள் எந்த மார்க்கத்துல ஈக்குதுன்னு செல்லு, அதுகளுக்கும் ஒரு நாள் லீவு குடுத்துப் போடுவம்" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மாசிலாமணியும் சிரித்தான். ஆனால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது தொட்டியை எட்டி உதைத்தான்.

சனிக்கிழமையைவிடத் தொல்லை கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை. சலோமிக்கு ஞாயிறு வேலைநாள். கோயில் மணி அடிக்கும்போது அவள் முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருப்பாள். தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளை உடுத்தி, தோட்டங்களிலிருந்து நடந்து வரும் சபையார் அந்த முற்றத்தைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போகவேண்டும். உள்ளே ஜெபம் நடக்கும்போதும் உலக்கைச் சத்தம் கேட்கும். மாசிலாமணி கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன். சத்தம் விழும்போதெல்லாம் அவன் முகம் இறுகுவதைத் தவமணி பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஒரு மணி நேரம் பொறுத்துக் குத்துனா கொறைஞ்சா போயிருவ?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"சனிக்கிழமை நீங்க மாவு இடிக்கறீங்களேக்கா. நான் ஏதாச்சும் சொன்னேனா?" என்றாள் சலோமி. குரலில் சண்டை இல்லை.

உபதேசியார் பொன்னுத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். வயிற்றுவலிக்காரர், சண்டைக்கு அஞ்சுகிறவர். சபையார் நச்சரித்ததால் ஒருநாள் வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து அருமைநாயகத்தைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஆண்டவர் உயிர்த்த நாளை விட்டுப்போட்டு யூதற்ற நாளைப் பிடிக்கச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?"

"ஆண்டவரே சனிக்கிழமைதானுங்க ஐயா ஜெப ஆலயத்துக்குப் போனாரு."

"ஓம், போனவர். அது பழைய உடன்படிக்கை. அப்போஸ்தலர் வாரத்தின்ர முதல் நாளில அப்பம் பிட்டவை."

"மத்த நாள்லயும் சாப்பிட்டிருப்பாங்கல்ல ஐயா?"

வாசலில் நின்ற வீரய்யா சிரித்துவிட்டான். உபதேசியாரின் முகம் சிறுத்தது. அவரோடு வந்திருந்த தானியேல் கங்காணி எழுந்தான். அக்கம்பக்கத் தோட்டத்தில் நூறு ஆளை மேய்க்கிறவன், கோயிலுக்கு ஓடு போட்டுக் கொடுத்தவன். மாசிலாமணியைப் பார்த்து, இது கோயில் நிலம், கோயிலுக்கு அடங்காதவனுக்கு இங்கே அடுப்புக் கிடையாது, அவனை நீ திருத்து, இல்லாவிட்டால் சபை திருத்தும் என்றான். மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டான். தம்பி இந்த வீட்டை விட்டுப் போவது என்ற பேச்சை அவன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான். அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு வேறு நினைவு இல்லை. எப்படியாவது, அடித்தாவது, அவனை ஞாயிற்றுக்கிழமைக்குத் திருப்பிவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த வெள்ளிக்கிழமை ஸ்டோரில் பெட்டிகள் அடைத்து முடியத் தாமதம். பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாள் நனைந்துவிட்டதென்று மறுபடி பிரித்துக் கட்டினார்கள். வண்டி புறப்பட்டபோது மழை விட்டிருந்தது, ஆனால் நாள் நன்றாகச் சாய்ந்துவிட்டது. அன்று வீரய்யா தன் வண்டியைப் பழுது பார்க்க விட்டிருந்ததால் இவர்களோடு கூடவே நடந்து வந்தான். சமதளத்துக்கு நேரத்தோடு போய்ச் சேரமுடியாது என்பது மூவருக்கும் தெரிந்தது. மாசிலாமணி நிற்காமல் மாடுகளை ஓட்டினான். பொழுது இறங்கிய பிறகும் தம்பி ஒருமுறை கயிற்றைப் பிடித்துவிட்டால் போதும், அந்த விரதம் உடைந்துவிடும், உடைந்த பானையை எவனும் திரும்ப அடுப்பில் வைக்கமாட்டான் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

பாதை பள்ளத்துக்குள் இறங்கியது. ஒருபக்கம் மண்சுவர், மறுபக்கம் கித்துல் மரங்கள் நிற்கும் பாதாளம். மேற்கே இருந்த மலைமுகட்டுக்குப் பின்னால் சூரியன் போனதும் பள்ளம் முழுவதும் நீல நிழல் விழுந்தது. ஈரக்காற்று குளிர்ந்தது.

"அண்ணே, பொழுது எறங்கிருச்சு. நிப்பாட்டுங்க" என்று பின்னாலிருந்து அருமைநாயகம் கத்தினான்.

மாசிலாமணி திரும்பவில்லை.

"அண்ணே, வீரய்யாண்ணன்கிட்டக் கயித்தக் குடுத்துர்றேன். ஒரு நிமிசம் நிப்பாட்டுங்க."

"இந்த வளைவுல நிப்பாட்டுனா மாடு திரும்பப் புடிக்காதுடா. சும்மா வா" என்றான் மாசிலாமணி. வீரய்யாவைப் பார்த்து, "நீ கயித்துல கை வச்ச, அப்புறம் என் மொகத்துல முழிக்காத" என்றான். வீரய்யா இரண்டு பேருக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நடந்தான்.

அருமைநாயகம் கயிற்றைச் சும்மா விட்டுவிடவில்லை. அவன் அப்படிப்பட்டவன் அல்ல. பாதையோரம் வெட்டி விட்டிருந்த பலாமரத்து அடிக்கட்டை ஒன்று நின்றது. ஓடிப்போய்க் கயிற்றை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினான். வண்டி முனகிக்கொண்டு நின்றது. அவன் கையை எடுத்துவிட்டு விலகி நின்று கண்ணை மூடினான். மழையில் ஊறி உள்ளே மக்கிப்போயிருந்த அடிக்கட்டை, ஒரு மூச்சு நேரம் தாங்கியது. பிறகு வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

பாரவண்டி மாடுகளின் மேல் ஏறியது. வலத்து மாடு சறுக்கி முழங்காலில் விழுந்தது, அதன்மேல் நுகத்தடி இறங்கியது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து மண்சுவரில் மோதி நின்றது. பெட்டிகள் உருண்டு பாதாளத்தில் ஒவ்வொன்றாக விழுந்து வெடிக்கும் சத்தம் கேட்டது. முன்னால் இருந்த மாசிலாமணி சேற்றில் தூக்கி எறியப்பட்டான். எழுந்தபோது நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் அதைத் துடைக்கவில்லை.

மாட்டின் முன்காலில் எலும்பு வெளியே வந்திருந்தது. அது எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து விழுந்தது. கன்றிலிருந்து மாசிலாமணி வளர்த்த மாடு. அவன் வண்டியடியில் செருகியிருந்த கோடரியை எடுத்தான். வீரய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோடரியின் பின்புறத்தால் மாட்டின் நெற்றியில் ஓர் அடி. அது போதவில்லை. இன்னும் ஒன்று அடிக்கவேண்டியிருந்தது.

பிறகு அவன் கோடரியைக் கீழே போட்டான். போட்டதுதான் அன்று அவன் செய்த ஒரே நல்ல காரியம். நுகத்தடியைத் தாங்க நிறுத்திவைக்கும் முட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போனான்.

முதல் அடி தோளில். அருமைநாயகம் கையைத் தூக்கவில்லை. இரண்டாவது அடியில் குப்புற விழுந்தான். மாசிலாமணி அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி முகத்தை மலைப்பக்கமாகத் திருப்பினான்.

"அங்க பார்றா. அந்த உச்சியப் பாரு. என்னா தெரியுது?"

ஹுன்னஸ்கிரிய மலையின் உச்சியில் வெயில் இருந்தது. பாறையும் புல்லும் மஞ்சளாக மின்னின. அதற்கும் மேலே ஒரு பருந்து வெளிச்சத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. பள்ளத்துக்குத்தான் பொழுது போயிருந்தது. உலகத்துக்கு இன்னும் போகவில்லை.

அருமைநாயகம் அதைப் பார்த்தான். மூன்றாவது அடியைத் தடுக்க அப்போதுதான் அவனை அறியாமல் வலது கை உயர்ந்தது. கட்டை முழங்கைக்குக் கீழே விழுந்தது. முருங்கைக் கொப்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதென்று வீரய்யா பின்னால் சொன்னான். அவன் குறுக்கே விழுந்து தடுத்திராவிட்டால் அன்று கொலை நடந்திருக்கும். தடுத்ததற்கு அவனுக்கும் ஒரு பல் போயிற்று.

சனிக்கிழமை காலையில் அருமைநாயகத்தை ஒரு காய்கறி வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். சிங்கள வைத்தியர் வந்து எலும்பை இழுத்துப் பொருத்தி, பச்சிலை அரைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அவன் கத்தியது சந்தைவரை கேட்டது. சலோமி அவன் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் தவமணி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கஞ்சியும் கருவாட்டுத் துண்டும் கொண்டுவந்து வைத்தாள். சலோமியின் அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

"அடிச்சவன் வீட்டுச் சோறுன்னு நெனைக்காத. இது என் வீட்டுச் சோறு" என்றாள்.

"பெரியத்தான் சாப்பிட்டாங்களாக்கா?"

"மாட்டுக்கொட்டில்ல கெடக்கறாரு. ஒத்த மாடு கத்திக்கிட்டே இருக்கு, அதோட இவரும். சாப்பாட்டக் கொண்டுபோனேன், தட்டோட வீசுனாரு." தவமணி தாழ்வாரத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். "நானே வளத்த புள்ளய நானே பாத்துக்க முடியலியேடி."

அவள் போன பிறகு அருமைநாயகம் கண்ணைத் திறந்தான். காய்ச்சல் ஏறியிருந்தது.

"உச்சில வெயில் இருந்துச்சு சலோமி" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. அவன் நடந்ததைச் சொன்னான். கண்டியில் வாடகை வீட்டுச் சபையில் சுவரில் ஒரு பஞ்சாங்கம் தொங்கும். சூரியன் மறையும் நேரம் அதில் அச்சடித்திருக்கும், அதைப் பார்த்துத்தான் ஜெபம் தொடங்குவார்கள். வத்தேகமவில் பஞ்சாங்கம் ஏது. முகட்டுக்குப் பின்னால் சூரியன் போனால் பொழுது போயிற்று என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். மலைக்குள் இருக்கிறவனுக்குப் பொழுது முந்திப் போகும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

"ஓய்வுநாள் இன்னும் வரல. வராத நாளுக்காகக் கயித்த விட்டுட்டேன்" என்றான் அவன். "அண்ணன் செத்திருக்கும்."

சலோமி அவனுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் பொழுது இறங்கிய பிறகும் அவள் நெடுநேரம் அடுப்பை மூட்டவில்லை.

ஞாயிறு காலையில் வீட்டில் ஒருபிடி அரிசி இல்லை. சலோமி நெல்லை உரலில் போட்டாள். கோயில் மணி அடித்தது. அவள் உலக்கையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். படுத்திருந்தவனுக்குக் கஞ்சி வேண்டும். குத்தத் தொடங்கினாள்.

கோயிலுக்குள் உபதேசியார் பிரசங்கத்தில் வண்டி விழுந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்தால் சபை கலையாமல் வீட்டுக்குப் போய்விடும் என்று நினைத்தார். ஆனால் கடைசி ஜெபம் முடிந்ததும் தானியேல் கங்காணி எழுந்து நின்று, கேட்கிறதா அந்தச் சத்தம் என்று கேட்டான். ஆண்டவர் அந்த வீட்டை மாட்டைக் கொன்று எச்சரித்திருக்கிறார், இன்னும் உறைக்கவில்லை, அடுத்ததாக இந்தக் கோயில் நிலத்தில் எவன் தலையில் இடி விழுமோ என்றான். ஆண்கள் எழுந்தார்கள். உபதேசியார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். அவர் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டுப் போனார்கள்.

மாசிலாமணியும் கூட்டத்தோடு போனான். நெற்றியில் துணி கட்டியிருந்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை, தடுக்கவும் இல்லை. அவன் தங்கள் பக்கம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவனே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பான்.

முற்றத்தில் முதலில் உரலைக் கவிழ்த்தார்கள். பாதி உமி போன அரிசி சேற்றில் கொட்டியது. தானியேல் கங்காணியின் மகன் சலோமியின் கையிலிருந்து உலக்கையைப் பிடுங்கி எறிந்தான். அவள் குனிந்து அரிசியை அள்ளப்போனாள். அவன் கொண்டையைப் பிடித்து இழுத்தான். அவள் பின்பக்கமாக விழுந்தாள். வேறு ஆள்கள் வீட்டுக்குள் நுழைந்து பாயையும் பெட்டியையும் தண்ணீர்ப் பானையையும் வெளியே எறிந்தார்கள். யாரோ கூரை ஓலையைப் பிடுங்கத் தொடங்கினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அருமைநாயகம் வெளியே வந்தான்.

"எங்க போகச் சொல்றீங்களோ போறோம். அவளத் தொடாதீங்க" என்றான்.

தானியேல் கங்காணி கைத்தடியால் அவனுடைய கட்டுப்போட்ட கையில் அடித்தான். மூங்கில் பத்தை தெறித்தது. அருமைநாயகம் ஓசையில்லாமல் மடிந்து உட்கார்ந்தான்.

அப்போது உலக்கை கங்காணியின் காலர் எலும்பில் இறங்கியது. அதைப் பிடித்திருந்தவன் மாசிலாமணி.

"அவன அடிக்கறதுக்கு நான் இருக்கேன்" என்றான். "நீ யாருடா?"

கங்காணி விழுந்தான். அவன் மகன் பாய்ந்து வந்தான். மாசிலாமணி உலக்கையைக் குறுக்கே வீசினான். இரும்புப் பூண் போட்ட முனை வாயில் பட்டு, பையன் பல்லைத் துப்பிக்கொண்டே உரல்மேல் போய் விழுந்தான். கூரையில் இருந்தவன் குதித்து ஓடினான். காணிக்கைத் தட்டில் வாரா வாரம் காசு போட்ட கைகள் இப்போது அவன்மேல் விழுந்தன. கல்லால் அவன் முதுகில் எறிந்தார்கள், அவனுக்கு அது தெரிந்ததாகவே இல்லை. உலக்கைக்கு எட்டும் தூரத்தில் ஒருவரும் நிற்காமல் போன பிறகும் அவன் ஓயவில்லை. கீழே கிடந்த கங்காணியிடம் திரும்பி வந்து அவன் முழங்காலில் அடித்தான். மறுபடி அடித்தான். கங்காணி குழந்தைபோல அழுதான். மாசிலாமணி கையை மறுபடி ஓங்கினான்.

தவமணி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அருமைநாயகம் எழுந்து, இடது கையால் அண்ணனின் கழுத்தைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடித்தான்.

"போதும்ணே. செத்துருவாரு. அண்ணே, நான்தான். போதும்."

உலக்கை கீழே விழுந்தது. மாசிலாமணி மூச்சிரைக்கத் திரும்பித் தம்பியின் தொங்கிய கையைப் பார்த்தான். அந்தக் கண்ணைச் சலோமி பார்த்தாள். தன்னைக் காப்பாற்றியவன் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை மலையில் நின்றவன் எப்படி இருந்திருப்பான் என்பதுதான் தெரிந்தது.

பொலிஸ் ராலாமி வந்தபோது முற்றத்தில் அரிசியும் ரத்தமும் ஒன்றாகக் கிடந்தன. மஹ்ரூப் முதலாளி ஆள் மேல் ஆள் அனுப்பிப் பேச்சுவார்த்தை நடத்தினார். வீடு புகுந்து பெண்ணை இழுத்தது கோர்ட்டுக்குப் போனால் கங்காணிக்கு வேலை போகும், அவனுக்கும் அது தெரியும். அதனால் வழக்கு இல்லாமல் போயிற்று. ஆனால் சபை மாசிலாமணியை விலக்கி வைத்தது. அந்த நிலத்திலிருந்து சனிக்கிழமைக்காரர்கள் போகவேண்டும் என்பதில் தளரவும் இல்லை.

"ரெண்டு தரப்பும் கர்த்தர் கர்த்தர்னு செல்லிக்கொண்டுதான் மண்டைய ஒடச்சாங்க. நான் எனத்தியன் செல்ல?" என்றார் மஹ்ரூப். இந்த முறை கடையில் யாரும் சிரிக்கவில்லை.

வேறு இடத்தில் எல்லாரும் ஒன்றாகக் குடியேறலாம், திகனயில் முதலாளியின் நிலம் இருக்கிறது என்று தவமணி சொல்லிப்பார்த்தாள். மாசிலாமணி தாழ்வாரத்துக் கம்பத்தில் சாய்ந்திருந்தான்.

"வேணாம். அவன் போகட்டும்" என்றான்.

"நீங்கதான் அவன் போகக் கூடாதுன்னு இத்தனையும் செஞ்சீங்க."

"ஆமா. அதுக்காகத்தான் அவன் கைய ஒடைச்சேன்." அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "அடுத்த சனிக்கிழமை வரும். அதுக்கு அடுத்ததும் வரும். எனக்குக் கோவம் வரும். இந்தக் கைய நானே நம்பல தவமணி."

உள்ளே படுத்திருந்த அருமைநாயகத்துக்கு அது கேட்டது. சனிக்கிழமையை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது அவனுக்குத் தெரியும். சலோமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறக்கவும் இல்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை. ஓரத்தில் மட்டும் நீர் இறங்கியது.

காய்ச்சல் விட்டதும் புறப்பட்டார்கள். கண்டியில் சலோமியின் தகப்பனார் வேலை செய்யும் மரப்பட்டறையில், கை தேறும்வரை காவல் வேலையும் பிறகு அறுப்பு வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாசிலாமணி இரவல் மாடு ஒன்றைச் சேர்த்துப் பூட்டி, பெட்டியையும் பாயையும் சட்டி பானையையும் ஏற்றி, தானே ஸ்டேஷனுக்கு ஓட்டிவந்தான். தவமணி பொரிவிளாங்காய் உருண்டை பிடித்து ஒரு தகரத்தில் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

ரயில் வந்து நின்றது. சாமான்களை ஏற்றி முடித்ததும் மாசிலாமணி ஜன்னலருகே வந்து நின்றான்.

"ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன். இப்ப எனக்குக் கோயிலும் இல்ல" என்றான்.

"ஞாயித்துக்கெழம பட்டறைல வேலைண்ணே. சனிக்கெழம எனக்கு லீவு குடுக்கறதுக்காக ஞாயித்துக்கெழம வரச் சொல்லியிருக்காங்க. தனி ஆளா வேலை. விட்டுட்டு வெளிய வர முடியாது. நீங்க சனிக்கெழம வாங்களேன்."

"சனிக்கெழம வண்டி இங்கதானடா நிக்கும். பெட்டி எறக்கி, கணக்குக் குடுத்து, மாட்டக் கழுவி முடிக்கவே இருட்டிரும்."

"அப்ப நான் சனிக்கெழம இங்க வர்றேன்."

"இங்க வந்தா? என் வேலைய நின்னு பாத்துக்கிட்டு இருப்பியா? கைய வச்சா உனக்குப் பாவம். வைக்காம நின்னா எனக்குக் கோவம்."

தவமணி தகரத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை. "யாராச்சும் செத்தாத்தான் இனிப் பாத்துக்கறது போல. அதுக்கு யாரும் நாள் பாக்க மாட்டீங்க" என்றாள். மாசிலாமணி அவளை அதட்டவில்லை. ரயில் நகரும்போது அவன் தம்பியின் கட்டுப்போட்ட கையை ஜன்னல் விளிம்பிலிருந்து மெதுவாக எடுத்து உள்ளே வைத்தான்.

கூட நடந்து வரவில்லை. வண்டிப் பக்கம் திரும்பி, இரவல் மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றான்.

சலோமி தகரத்தைத் திறந்து ஓர் உருண்டையை நீட்டினாள். அருமைநாயகம் வாங்கவில்லை. வயல்களும் ரப்பர்த் தோட்டங்களும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவன் உதடுகள் லேசாக அசைவதைப் பார்த்து ஜெபம் பண்ணுகிறான் என்று நினைத்துத் தானும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியதும் ரயிலின் சத்தம் மாறியது. கீழே மகாவலி மழைத்தண்ணீரில் செம்மண்ணாக ஓடியது.

"புதன்கெழம?" என்றான் அவன் திடீரென்று.

சலோமி முந்தானையை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"அன்னிக்கு பெரியத்தான் மலைல இருப்பாங்க" என்றாள். "நீங்க பட்டறைல."

அவன் தலையை ஆட்டினான். பாலம் முடிந்தது. அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பி, உதடுகளை அசைத்து, வாரத்தை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.